281 ரூபாய் டிராக்டர்!

நான் பி.காம். படித்தவன். பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தக் கதையில் நடந்த குளறுபடிகளுக்கெல்லாம் அதுதான் காரணம் என்பதால் முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

பி.காம். படித்தவனிடம் எந்தப் பொருளைக் காட்டினாலும் 'தேய்மானம் எவ்வளவு?' என்றுதான் முதலில் கேட்பான். மாமனார் வீட்டில் கொடுத்த பீரோவுக்கே வருஷா வருஷம் பத்து பர்சென்ட் தேய்மானம் எழுதி வைத்திருந்த ஆசாமி நான். ஒருநாள் மனைவி அந்த நோட்டைப் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு பீரோ தேயவில்லை. நோட்டுதான் காணாமல் போனது.

2024-ல் எனக்கு வீட்டு ஆசை வந்தது. சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் வருகிற காய்ச்சல்தான். வழவழ காகிதத்தில் ஒரு பில்டர் அச்சடித்த படத்தில் நீச்சல் குளம், புல்வெளி, சைக்கிள் ஓட்டுகிற குழந்தை எல்லாம் இருந்தன. தூரம் மட்டும் கொஞ்சம் அதிகம். இன்னும் நாலு கிலோமீட்டர் தள்ளிப் போனால் திருநெல்வேலியிலேயே வாங்கிவிடலாம் என்று நண்பன் கிண்டலடித்தான். நான் அசரவில்லை. முன்பணத்துக்குக் கணக்குப் போட்டேன். ஐம்பதாயிரம் ரூபாய் துண்டு விழுந்தது.

அப்போதுதான் ஊரில் தொழுவத்துக்குள் நிற்கிற டிராக்டர் ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் ஊர் சேரன்மகாதேவி பக்கம். தாமிரபரணியிலிருந்து கன்னடியன் கால்வாயில் வருகிற தண்ணீரைக் குடித்து விளைகிற வயல்கள். கார், பிசானம் என்று நெல்லும், நடுநடுவே வாழையுமாக இருக்கிற பூமி. அப்பாவுக்கு முழங்கால் மடங்க மறுத்து மூன்று வருஷமாகிறது. அவர் இறங்கினாரோ இல்லையோ, டிராக்டரும் கூடவே ஓய்வு வாங்கிக்கொண்டது.

போன் செய்தேன். "யப்பா, அந்த டிராக்டரைக் கொடுத்துரலாமா?" என்று இழுத்தேன். திட்டு விழும் என்று காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தேன்.

"கொடுத்துருல" என்றார் அப்பா.

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

* * *

சனிக்கிழமை காலையில் ஊரில் இறங்கினேன். தொழுவத்துக்குள் நின்றுகொண்டிருந்தது மாசே.

பத்திரத்தில் அதற்கு மாஸி ஃபெர்குசன் 1035 என்று பெயர். எங்கள் ஊர் வாயில் 'மாசே'. 1982 மாடல். 1991-ல், எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது, அப்பா அதை இரண்டாம் கையாக அறுபதாயிரம் ரூபாய்க்கு வாங்கினார். சிவப்பு பானெட் இப்போது காவி நிறத்துக்கு மாறி சந்நியாசம் வாங்கியிருந்தது. சீட்டில் ஒரு கோழி. என்னைப் பார்த்து 'யார் நீ?' என்பது போலத் தலையைச் சாய்த்தது. நியாயமான கேள்வி. வருஷத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு வந்து போகிறவனை எந்தக் கோழிக்கு அடையாளம் தெரியும்?

பழக்கதோஷம், போனை எடுத்துக் கணக்குப் போட்டேன். இயந்திரத்துக்கு வருஷத்துக்குப் பதினைந்து பர்சென்ட் தேய்மானம். அறுபதாயிரம், முப்பத்து மூன்று வருஷம். விடை: 281 ரூபாய் சொச்சம்.

இருநூற்று எண்பத்தோரு ரூபாய், சார்! கோழியோடு சேர்த்தால்தான் ஐந்நூறைத் தாண்டும்.

நல்லவேளை, பழைய இரும்புக்காரருக்கு என் கணக்கு தெரியாது. திருநெல்வேலியிலிருந்து மதியம் வந்தார். டயரை எட்டி உதைத்தார். பழைய வண்டி வாங்க வருகிற எல்லோரும் ஏன் டயரை உதைக்கிறார்கள் என்பது ஆராய்ச்சிக்குரிய விஷயம். "எப்படியும் ஆயிரத்தி எழுநூறு கிலோ தேறும் தம்பி. கிலோ முப்பது. அம்பத்தோராயிரம். காலையில லாரி கொண்டாரேன்" என்றார்.

எனக்குத் துண்டு விழுந்தது ஐம்பதாயிரம். கிடைக்கப்போவது ஐம்பத்தோராயிரம். ஆயிரம் ரூபாய் பஸ் செலவுக்கு. இதைவிடப் பொருத்தம் எந்த ஜாதகத்திலும் அமையாது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை.

* * *

ஜாதகம் என்றதும் மாசேயின் ஜாதகத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் என் ஜாதகத்தைவிட அதுதான் எல்லோருக்கும் மனப்பாடம்.

மூன்று சிலிண்டர் டீசல் எஞ்ஜின். கொள்ளளவு சுமார் 2.4 லிட்டர். பெர்க்கின்ஸ் வம்சத்தில் வந்த சிம்சன் எஞ்ஜின். சக்தி முப்பத்தைந்து குதிரையைச் சுற்றி. மூன்று கியர், பக்கத்தில் ஹை-லோ என்று ஒரு லீவர். ஆக முன்னால் போக ஆறு, பின்னால் வர இரண்டு. முன் டயர் ஆறுக்குப் பதினாறு. பின் டயர் பன்னிரண்டு புள்ளி நாலுக்கு இருபத்தெட்டு. பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றும். ஹைட்ராலிக் கைகள் ஒரு டன் எடையை அலட்டிக்கொள்ளாமல் தூக்கும்.

இதில் அப்பாவுக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சக்கரங்களின் இடைவெளியைக் கூட்டலாம், குறைக்கலாம். முன் அச்சில் வரிசையாகத் துளைகள் இருக்கும். போல்ட்டைக் கழற்றி, அச்சை இழுத்து, வேறு துளையில் மாட்ட வேண்டும். பின் சக்கரத்தில் ரிம்மைத் திருப்பிப் போட வேண்டும். எங்கள் மாசேயின் தாத்தாவான ஃபெர்குசன் டி.இ. 20 டிராக்டரிலேயே இந்த ஏற்பாடு உண்டு. 48 அங்குலத்திலிருந்து 76 அங்குலம் வரை நாலு நாலு அங்குலமாக மாற்றிக்கொள்ளலாம்.

இது என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆரம்ப காலத்து டிராக்டர்களுக்கு உழத் தெரியும், கதிரடிக்கிற இயந்திரத்தைச் சுற்றத் தெரியும். பயிர் முளைத்துவிட்டால் வயலுக்குள் அனுமதி கிடையாது. பருத்தி, மக்காச்சோளம் என்று வரிசையாக நட்ட பயிருக்குள் இறங்கினால் களையோடு பயிரையும் மிதித்துவிடும். அதனால் அமெரிக்காவில் டிராக்டர் வாங்கின சம்சாரியும் களை எடுப்பதற்கென்று குதிரையையும் கோவேறு கழுதையையும் கட்டித் தீனி போட வேண்டியிருந்தது. 1924-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 'ஃபார்மால்' என்றொரு டிராக்டரைக் கொண்டுவந்தது. பின் சக்கரங்கள் உயரம், வயிறு தரையைவிட்டு நன்றாக மேலே, முன் சக்கரங்கள் இரண்டும் ஒட்டினாற்போல் நடுவில். பயிருக்கு மேலே வயிற்றைத் தூக்கிக்கொண்டு, வரிசைகளுக்கு நடுவே சக்கரத்தை வைத்து நடந்தது. 'வரிசைப் பயிர் டிராக்டர்' என்ற ஜாதியே அதற்குப் பிறகுதான் பெருகியது.

நெல் வயலில் இதெல்லாம் தேவையில்லை. தொழி உழவுக்கு இரும்புக் கூண்டுச் சக்கரத்தை மாட்டி இறக்கினால் போதும். சேற்றைக் கலக்கி அல்வாப் பதத்துக்குக் கொண்டுவந்துவிடும். (திருநெல்வேலிக்காரன் அல்வாவைச் சொல்லாமல் ஒரு கட்டுரை முடிக்கக் கூடாது என்று எழுதப்படாத சட்டம் இருக்கிறது. கடமை முடிந்தது.) வாழைக்குத்தான் வரிசைக் கணக்கு வேண்டும்.

அப்பா ஒரு கயிறு வைத்திருந்தார். ஆறடிக்கு ஒரு முடிச்சு. அந்த முடிச்சுப்படிதான் கன்று நடுவார். மாசேயின் சக்கரத்தை 48 அங்குலத்துக்குக் குறுக்கிவிட்டால் டயரின் அகலத்தோடு சேர்த்து மொத்தம் ஐந்தடி. ஆறடி வரிசைக்குள் ஐந்தடி வண்டி. இரண்டு பக்கமும் அரையடி மிச்சம். கன்று சின்னதாக இருக்கிற வரை அந்த அரையடியை நம்பி, பின்னால் கொத்துக் கலப்பையை மாட்டிக்கொண்டு அப்பா வரிசைக்குள் போவார். ஒரு கன்றுகூடச் சாயாது. எனக்கு ஆபீஸ் பார்க்கிங்கில் ஸ்கூட்டரை நிறுத்துவதற்கே பக்கத்து வண்டிக்காரரின் கண்ணாடி ஒன்று பலியாக வேண்டியிருக்கிறது.

* * *

ஹாரி ஃபெர்குசன் என்ற மனிதரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த கோமாளித்தனம் உங்களுக்குப் புரியாது.

அயர்லாந்தில் ஒரு விவசாயி வீட்டில் 1884-ல் பிறந்தவர். 1909 டிசம்பர் 31-ம் தேதி தானே கட்டின விமானத்தில் பறந்தார். அயர்லாந்திலேயே முதலில் பறந்தவர் அவர்தான். ஆனால் அவர் பெயர் நிலைத்தது ஆகாயத்தில் இல்லை, கலப்பையில்.

அந்தக் காலத்தில் டிராக்டருக்குப் பின்னால் கலப்பையை மாட்டுவண்டியில் கட்டுவது போலச் சும்மா கட்டி இழுத்தார்கள். கொழு பூமிக்குள் ஒரு பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் கலப்பை நகராது. ஆனால் எஞ்ஜின் பின் சக்கரத்தைத் திருகிக்கொண்டே இருக்கும். சக்கரம் சுற்ற முடியாதபோது வண்டியின் உடம்பு சுற்றும். முன்பக்கம் குதிரை போல எழும்பி, ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்து விழும். பல உயிர் போனது. இதற்குப் பயந்து வண்டியின் எடையை ஏற்றினால், கனம் தாங்காமல் மண் இறுகிப் போனது.

ஃபெர்குசன் கலப்பையைக் கட்டி இழுக்கவில்லை. வண்டியோடு சேர்த்தே மாட்டினார். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை. முக்கோணமாக மூன்று இடத்தில் பிடி. 1920-களிலேயே காப்புரிமை வாங்கினார். கலப்பை ஆழமாக இறங்கினால் கீழ்க்கைகள் பின்னால் இழுபடும். மேல்கை முன்னால் தள்ளும். அந்தத் தள்ளலை ஒரு ஸ்பிரிங் உணர்ந்து ஹைட்ராலிக்குக்குச் சொல்லும். ஹைட்ராலிக் கலப்பையைக் கொஞ்சம் தூக்கும். தூக்கும்போது கலப்பையின் கனமும் மண்ணின் இழுப்பும் பின் சக்கரத்தின் மேல் வந்து உட்காரும். சக்கரத்துக்குப் பிடிமானம் கிடைக்கும். அதாவது, வண்டியைப் பின்னால் இழுக்கிற சுமையே வண்டியைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது! மேல்கை முன்னால் தள்ளிக்கொண்டிருப்பதால் முன்பக்கம் எழும்பவும் முடியாது. கனமான வண்டி செய்கிற வேலையை இளைத்த வண்டி செய்தது.

1938-ல் ஹென்றி ஃபோர்டு இதைப் பார்த்துவிட்டுப் பத்திரம் எதுவும் எழுதாமல் கை குலுக்கியே கூட்டுச் சேர்ந்தார். அந்தக் கைகுலுக்கல் பிற்பாடு கோர்ட்டுக்குப் போய், 1952-ல் ஃபோர்டு கம்பெனி 92.5 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. (கை குலுக்குவதற்கு முன்னால் ஒரு பி.காம்.காரனைக் கூட வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இதில் தெரிகிறது.) எவரெஸ்ட் ஏறிய ஹிலாரி 1958 ஜனவரியில் தென் துருவத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் ஃபெர்குசன் டிராக்டர்களில்தான். ஃபெர்குசன் கம்பெனி மாஸி-ஹாரிஸோடு சேர்ந்து 'மாஸி ஃபெர்குசன்' ஆனது. 1960-ல் அவர்களோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் டாஃபே ஆரம்பித்தது. அதே 1960-ல் ஃபெர்குசன் காலமானார். செம்பியத்திலிருந்து புறப்பட்ட சிவப்பு வண்டிகளில் ஒன்று எங்கள் தொழுவத்துக்கு வந்து சேர்ந்தது.

* * *

இப்போது கோமாளித்தனம்.

2003 கோடை லீவு. எனக்குப் பதினைந்து வயது. மீசை அரும்புகிற வயதில் மூளை கொஞ்சம் பின்வாங்கும் என்பது என் அனுபவம். வாய்க்கால் கரையில் ஒரு பட்டுப்போன தென்னையை வெட்டியிருந்தார்கள். தூர் மட்டும் நின்றது. அப்பா டவுனுக்குப் போயிருந்தார். 'வரும்போது தூரைப் பிடுங்கிப் போட்டிருந்தால் அப்பா அசந்துவிடுவார்' என்று எனக்குத் தோன்றியது. அசரத்தான் செய்தார், வேறு விதத்தில்.

மாசேயைக் கொண்டுபோய் நிறுத்தினேன். சங்கிலியைத் தூரில் சுற்றினேன். இன்னொரு முனையை எங்கே கட்டுவது? கீழே டிராபார் இருந்தது. ஆனால் குனிய வேண்டும், சகதி ஒட்டும். கைக்கு எட்டுகிற உயரத்தில், மேல்கை மாட்டுகிற கொண்டி சும்மா இருந்தது. அதில் மாட்டினேன். லோ கியர் போட்டு, கிளட்சை விட்டேன்.

சங்கிலி விறைத்தது. தூர் அசையவில்லை. எனக்கு எதிரே இருந்த பானெட் மெதுவாக மேலே எழும்பியது. முதலில் வாய்க்கால் கரை மறைந்தது. அப்புறம் ஆலமரம். அப்புறம் வானம் மட்டும்தான் தெரிந்தது. மேகம் நன்றாக இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

"கிளட்ச்ச மிதில! மிதி!"

டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த அப்பாவின் குரல் அது. கால் தானாக மிதித்தது. முன் சக்கரங்கள் தொப்பென்று விழுந்தன. என் பற்கள் ஒன்றோடொன்று மோதி நாக்கில் ரத்தம். அப்பா ஓடி வந்தார். எஞ்ஜினை நிறுத்தினார். கன்னத்தில் ஒன்று விட்டார். அவர் என்னை அடித்தது அந்த ஒரு முறைதான். அடித்துவிட்டு அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். கை நடுங்கியது. வெற்றிலைப் பையின் சுருக்கை அவிழ்க்க முடியவில்லை. நான்தான் அவிழ்த்துக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். சங்கிலியைக் கழற்றி, சகதியில் மண்டியிட்டு, டிராபாரில் கட்டினார். பைய கிளட்சை விட்டார். வண்டி பின்பக்கம் அமுங்கி, முனகி, இழுத்தது. மூன்றாவது இழுப்பில் தூர் பெயர்ந்து வந்தது.

"அதே வண்டி, அதே தூரு, அதே சங்கிலி" என்றார் அப்பா. "கீழ கெட்டுனா இழுக்கும். மேல கெட்டுனா நம்மளையே கொன்னுபோடும். இத மட்டும் மறந்துராத."

இருபத்தோரு வருஷத்தில் நான் மறந்துவிட்டேன் என்பதுதான் விஷயம்.

* * *

அந்தச் சனிக்கிழமை ராத்திரி, சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். பேச்சு வராததால் நான் பில்டர் கொடுத்த படத்தை அப்பாவிடம் காட்டினேன். நீச்சல் குளத்தைப் பார்த்துவிட்டு, "இது எந்தக் கால்வாய்த் தண்ணி?" என்று கேட்டார். லாரித் தண்ணீர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மாசம் எவ்வளவு கெட்டணும்?"

சொன்னேன்.

"உனக்கு மாசம் எவ்வளவு வரும்?"

இந்தக் கேள்விக்குத்தான் என்னிடம் பதில் கிடையாது. நான் ஆபீஸ் வேலையை விட்டு, பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஒரு மாதம் வரும். ஒரு மாதம் 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று வரும். மனைவியின் சம்பளம்தான் நிச்சயம். அதை அப்படியே வங்கிக்குக் கொடுத்துவிட்டு, மிச்ச வாழ்க்கையை என் கட்டுரைகளை நம்பி நடத்துவதாகத் திட்டம். திட்டத்தைப் போட்டவனுக்கே அது வயிற்றைக் கலக்கும் திட்டம்தான்.

"நீங்க மட்டும் அறுவதாயிரம் கடன் வாங்கி இத வாங்கலையாப்பா?" என்றேன். கொஞ்சம் கோபமாகவே.

"வாங்கினேன். உங்கம்மா நகை அம்புட்டும் அடகுல போச்சு" என்றார் அப்பா. "ஆனா அந்தக் கடன நான் வண்டி மேலதான் கெட்டுனேன். வண்டி உழுத வயலு கடன அடைச்சுது. பிசானத்துக்கு உழுதா அறுவடைக்குத் துட்டோ நெல்லோ தருவாக. கடன் இருக்கேன்னு விடியக்காலம் நாலு மணிக்கு எந்திப்பேன். அந்தக் கடன்தான் நம்மள தரையில நிக்க வச்சுது. நாலு வருசத்துல நகை திரும்பிட்டு."

பேசாமல் இருந்தேன்.

"உன் வீட்டுக் கடன எதுல கெட்டப் போற?"

அவ்வளவுதான் கேட்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அறிவுரை இல்லை. படத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து படுக்கப் போய்விட்டார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் பானெட் எழும்புகிறது. ஆலமரம் மறைகிறது. மேகம் தெரிகிறது. இருபத்தோரு வருஷம் கழித்தும் அதே கொண்டியில்தான் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தேன். குனிய வேண்டாம், சகதி ஒட்டாது என்பதற்காக.

* * *

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் லாரி வருவதற்கு முன்னால் ஒரு பையன் வந்தான். பக்கத்து ஊர். இருபத்தைந்து வயது இருக்கும். வெளியூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து வாழை போட்டிருக்கிறான். டிராக்டர் விற்பது எப்படியோ காதில் விழுந்திருக்கிறது.

"புதுசு வாங்க லட்சக்கணக்குல ஆகும் பெரியப்பா. எனக்குத் தெம்பு கெடையாது. இது ஸ்பேர் எல்லாம் கெடைக்கும். நானே பிரிச்சு மாட்டுவேன்" என்றான். கையில் முப்பதாயிரம் இருக்கிறது, தார் வெட்டினதும் இன்னொரு பத்தாயிரம் தருகிறேன் என்றான்.

நாற்பதாயிரம். அதிலும் பத்தாயிரம் வாழைத்தாரில் தொங்குகிறது. இரும்புக்காரர் ரொக்கமாக ஐம்பத்தோராயிரம் தருகிறார். எந்த பி.காம்.காரனும் இரண்டு செகண்டில் முடிவு சொல்லுவான். நான் வாயைத் திறந்தேன்.

அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். தொழுவத்துச் சுவரில் தொங்கின சங்கிலியை எடுத்து அவனிடம் கொடுத்தார்.

"ஒரு தூரப் பிடுங்கணும்னு வையி. சங்கிலிய எங்கன கெட்டுவ?"

எனக்கு மூச்சு நின்றது. பையன் அப்பாவைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோழி எச்சத்தில் மண்டியிட்டு, குனிந்து, டிராபாரில் சங்கிலியைப் போட்டான். போட்டுவிட்டு, "மேல மாட்டினா தூக்கிரும்லா பெரியப்பா" என்றான். ரொம்பச் சாதாரணமாக.

அப்பா என்னைப் பார்த்தார். முடிவை என்னிடம் விடுகிறார் என்று புரிந்தது. டிராக்டரை விற்கச் சொன்னவன் நான்தானே.

நான் உள்ளே போய் மாடத்திலிருந்த சாவியை எடுத்து வந்து பையனிடம் கொடுத்தேன். இரும்புக்காரருக்குப் போன் செய்து லாரி வேண்டாம் என்றேன். அவர் என்னைத் திட்டினார். தகுதியான திட்டு. வாங்கிக்கொண்டேன்.

பேட்டரி செத்துப்போயிருந்ததால் நாலு பேர் சேர்ந்து தள்ளினோம். தெருச் சரிவில் உருண்டு, இருமி, கறுப்புப் புகையைக் கக்கி, மாசே எழுந்தது. மூன்று சிலிண்டர் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. கோழி சீட்டைவிட்டுக் குதித்து ஓடியது. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புகை, சார்.

* * *

சென்னைக்குத் திரும்பி வந்து மனைவியிடம் சொன்னேன். முதலில் முறைத்தாள். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை. மறுநாள் சாம்பாரே இல்லை. மூன்றாம் நாள் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மாதத் தவணையை எழுதி, அதற்கு நேரே, அதை எது கட்டப்போகிறது என்று எழுதினோம். அவள் சம்பளத்தில் பாதிக்கு மேல் எழுதக் கூடாது, என் கட்டுரைகளை ஒரு பைசாவுக்குக்கூட எழுதக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. என் எழுத்தைப் பற்றி அவளுக்கு இருக்கிற மதிப்பீடு அதில் தெரிந்தது. அந்தக் கணக்குக்கு நீச்சல் குளம் ஒத்துவரவில்லை. இன்னும் வாடகை வீடுதான். சின்னதாக வேறொன்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பையன் தார் வெட்டினதும் பத்தாயிரத்தைக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்துவிட்டான். கூடவே ஒரு தாரும். இப்போது அவனுக்கு ஒரு தொந்தரவு. வாழைக்கு ஒரு தடவை, நெல்லுக்கு ஒரு தடவை என்று சக்கரத்தை மாற்றும்போதெல்லாம் அப்பாவை பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. கூப்பிடாவிட்டால் அப்பா கோபித்துக்கொள்கிறாராம். முடிச்சுப் போட்ட கயிற்றை அவனிடம் கொடுக்கவில்லை. அவரே கொண்டுபோய், அவரே அளந்து, அவரே திரும்பக் கொண்டு வருகிறார்.

போன வாரம் போன் செய்தேன். "முழங்கால் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டேன்.

"முழங்காலா? அதுக்கென்ன?" என்றார். "ஏல, போன வையி. அந்தப் பய வண்டியோட வந்துட்டான். நாப்பத்தெட்டு வைக்கணும்."